பலகையில் நான்காவது டார்ட்

அத்தியாயம் 6

அந்த 'டொக்' சத்தத்தை அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். பார்த்தவர் ஒருவரும் இல்லை.

கோயமுத்தூர், அவிநாசி ரோடு. ஆண்கள், பெண்கள் இரு பாலாருக்குமான சர்வதேச டார்ட்ஸ், அதாவது பலகையில் சிற்றம்பு எறியும் ஆட்டத்தின், சாம்பியன்ஷிப்பில் பெண்கள் அரையிறுதி. உள்ளூர்ப் பெண் லின்சி எறிகோட்டில் கால் வைத்து தன் முறைக்குரிய மூன்று டார்ட்டுகளையும் எறிந்து முடித்தாள். மூன்றாவது பலகையில் குத்திய மறுகணம் கரண்ட் போனது. 1996ஆம் வருஷத்துக் கோடை. மூன்று நாளாகவே சாயங்காலமானால் கரண்ட் போவதும், கொஞ்சம் பொறுத்து ஜெனரேட்டர் உறுமுவதும் வழக்கமாகியிருந்தது. கூட்டம் விசில் அடித்தது. அந்த விசிலுக்கு நடுவேதான் அந்த 'டொக்'. கூடவே லின்சியின் அலறல்.

வெளிச்சம் வந்தபோது பலகையில் நான்கு டார்ட்டுகள் இருந்தன. நான்காவது, கறுப்பு இறகு வைத்தது, நட்ட நடுப்புள்ளியில் நின்றது.

"என் காதை உரசிட்டுப் போச்சுங்க" என்று மட்டும் லின்சி சொன்னாள். அதற்குப் பிறகு அவளால் பேச முடியவில்லை.

கும்மிருட்டில், அவ்வளவு கூட்டத்துக்கு நடுவே, ஒரு பெண்ணின் காதோரமாக எறிந்து நடுப்புள்ளியைத் தொடுகிறவன் நாளைக்கு அவள் தொண்டையையும் தொடுவான். ஸ்காட்லாந்து ஆட்டக்காரர் டங்கன் கறுப்பு இறகுதான் பயன்படுத்துவார் என்று யாரோ சொல்ல, போலீஸ் அவருடைய பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு அவரை ஓட்டல் அறையிலேயே உட்கார வைத்துவிட்டது. லின்சி தங்கியிருந்த அரங்க விருந்தினர் அறை வாசலில் இரண்டு கான்ஸ்டபிள்கள் நின்றார்கள்.

மறுநாள் காலை அதே அரங்கத்தின் நடுவில் கிருபாசங்கர் கையில் ஒரு டார்ட்டுடன் நின்றான். பயம் வந்தால் சிலருக்கு வியர்க்கும். அவனுக்கு வாய் நீளும்.

"ஏனுங்கக்கா, எங்க அம்மாவுக்கு நான் ஒரே பையன். எதுக்கும் ஒருக்கா சொல்லி வெச்சுக்கறேன்."

"எறி கண்ணு" என்றாள் பத்மாவதி.

ஐம்பதைத் தாண்டிய அந்த அம்மாள் சிறைச்சாலையில் பெண்கள் பிரிவில் வார்டராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கி, ராம்நகரில் ஒரு மெஸ்ஸுக்கு மேல் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தாள். இருபது வருஷம் பொய் கேட்டுப் பழகிய காது. கிருபாசங்கர் அவளுடைய ஒரே உதவியாளன்.

அவள் விளக்கை அணைத்தாள். கிருபா பலகை இருந்த பக்கம் என்று நம்பி எறிந்தான். எங்கோ ஒரு ட்யூப்லைட் உடைந்து கொட்டியது.

"பார்த்தீங்களா? இருட்டுல நான் எறிஞ்சா பாதுகாப்பான ஒரே எடம் அந்தப் பலகைதானுங்க."

பத்மாவதி சிரிக்கவில்லை. "உனக்குப் பலகை எங்கன்னே தெரியலை. நேத்து எறிஞ்ச ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்த ஆளு எங்க நின்னிருக்கணும்? அதை யோசி."

"நம்ம டங்கன் மாதிரி பழக்கமான ஆளா இருந்தா..."

"டங்கன் கடைசி வரிசையில உக்காந்திருந்தாரு. பழக்கமான ஆளுன்னாலும் இருட்டுல எடம் மாறி நின்னா கை தவறிப்போகும்." அதற்கு மேல் அவள் விளக்கவில்லை.

லின்சியைப் பார்க்கப் போனார்கள். இருபத்தைந்து வயது இருக்கும். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கட்டிலின் ஓரத்தில் வலது கையை இடது கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய கோச் ரங்கராஜ். சலவைச் சட்டை, நெற்றியில் விபூதி, இதமான குரல். இந்த வழக்கை பத்மாவதியிடம் கொடுத்தவரே அவர்தான்.

"நேத்து ராத்திரி தூங்கினியா அம்மணி?" என்று கேட்டாள் பத்மாவதி.

"எங்கீங்க தூங்குது பாப்பா" என்றார் ரங்கராஜ்.

"உனக்கு யார் மேலயாச்சும் சந்தேகம் இருக்குதா?"

"பாப்பாவுக்கு எதிரியே கெடையாதுங்க."

லின்சி ஒரு தடவை பத்மாவதியை நிமிர்ந்து பார்த்தாள். ஆழமான கிணற்றுக்குள்ளிருந்து ஒருவர் மேலே பார்ப்பது போலிருந்தது அந்தப் பார்வை. ரங்கராஜ் ஆதரவாக அவள் தோளில் கை வைத்ததும் கண்கள் மறுபடியும் தரைக்குப் போய்விட்டன.

வெளியே வந்ததும் ரங்கராஜ் கையைப் பிசைந்தார். "மூணு மணிக்கு இறுதிப் போட்டிங்க. ஹாலந்துப் பொண்ணு கூட. அதுக்குள்ள யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். எவன் எறிஞ்சான்னு தெரியாம எனக்குச் சோறு எறங்கலீங்க." அந்தத் தவிப்பு பொய்யில்லை என்று கிருபாவுக்குப் பட்டது.

நான்காவது டார்ட்டை இன்ஸ்பெக்டரிடம் கேட்டு வாங்கியிருந்தாள் பத்மாவதி. பெரிய ஆட்டக்காரர்கள் வைத்திருப்பது வெளிநாட்டு டங்ஸ்டன். இதுவோ பித்தளை. லேத்தில் கடைந்தது.

"சுத்தமான கோயமுத்தூர் சரக்குங்க" என்றான் கிருபா. "இந்த ஊர்ல லேத்துப் பட்டறையை எண்ண ஆரம்பிச்சா எம் பேரன் முடிப்பான்."

பத்மாவதி கறுப்பு இறகை நகத்தால் சுரண்டினாள். பெயின்ட் உரிந்தது. உள்ளே அச்சடித்த ஒரு மயில் தோகையும், பாதி வெட்டுப்பட்ட எழுத்துகளும் தெரிந்தன. பட்டறைக்காரர்கள் வருஷப்பிறப்புக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் காலண்டர் அட்டையை வெட்டி இறகாக்கியிருந்தார்கள். '...ணன் லேத் ஒர்க்ஸ், பெ.நா.பாளையம்.'

"எம் பேரன் பொழைச்சான்" என்றான் கிருபா.

ரங்கராஜே கார் ஓட்டினார். முன்சீட்டில் பத்மாவதி. பின்சீட்டில் கிருபா, ஒரு கூடை, கூடைக்குள் ஒரு பிளாஸ்க். கவுண்டம்பாளையம் தாண்டும்போதுதான் பத்மாவதி அந்த இறகைக் காட்டினாள். ரங்கராஜ் ஒரு நொடி திரும்பிப் படித்தார்.

"அங்கதான் லின்சியோட ஸ்கூல் இருக்குது" என்றார். அதன் பிறகு அவர் பேசவேயில்லை. அதுவரை நிமிஷத்துக்கு ஒரு தடவை "பாப்பா, பாப்பா" என்று உருகிக்கொண்டிருந்த வாய் திடீரென்று பூட்டிக்கொண்டது. ரியர்வியூ கண்ணாடியில் அவர் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை சாலையைப் பார்க்கவில்லை. எங்கேயோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தன.

அந்த அமைதி கிருபாவுக்குப் பிடிக்கவில்லை. ஏதாவது பேச வேண்டும் போலிருந்தது. காலடியில் கிடந்த ஒரு துண்டை எடுத்தான். சல்லடை மாதிரி ஓட்டை.

"ஏனுங்க, கார்ல எலி வளர்க்கறீங்களா?"

"சிகரெட் பட்டுடுச்சு." ரங்கராஜின் கை பின்னால் வந்து துண்டைப் பிடுங்கிக்கொண்டது.

"சரி, இந்த பிளாஸ்க்குல காப்பி கீப்பி..." கிருபா கையை நீட்டினான்.

கார் குலுங்கி நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து ஒதுங்கிப் போனது.

"தொடாதே!"

அது அந்த இதமான குரல் இல்லை. அடுத்த மூச்சில் ரங்கராஜ் சிரித்தார். "பாப்பாவுக்கு வெச்ச பாலுங்க. ஆட்டத்துக்கு முன்னால நாந்தான் என் கையால குடுப்பேன். அடுத்தவங்க கை படக்கூடாது, ஒரு சென்டிமென்ட்டு."

கிருபா கையை மடியில் வைத்துக்கொண்டான். பெரியநாயக்கன்பாளையம் போய்ச் சேரும்வரை அது அங்கேயே இருந்தது.

பட்டறை மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருந்தது. காரை நிறுத்தியதும் ரங்கராஜும் இறங்கினார்.

"நீங்க அந்த எஸ்.டி.டி. பூத்துல இருந்து ஹாலுக்கு ஒரு போன் போட்டு, பொண்ணு எப்படி இருக்குன்னு கேளுங்க" என்றாள் பத்மாவதி. "எனக்கு என்னமோ மனசு சரியில்லை."

அவர் தயங்கினார். பிறகு போனார்.

பட்டறைக்காரர் பொங்கியண்ணன் பம்புசெட் ஷாஃப்ட் ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தார். டார்ட்டைப் பார்த்ததும் மோட்டாரை அணைத்தார். முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க செஞ்சதுங்களா?"

"பித்தளைத் துண்டு நாந்தானுங்க கடைஞ்சேன். அந்த இறகு நான் வெச்சதில்லீங்க."

"யார் கேட்டது?"

அவர் வாசலைப் பார்த்தார். "சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிப்போட்டாங்க."

"ஒரு வெள்ளைக்காரரு செய்யாத குத்தத்துக்கு ரூம்ல அடைஞ்சு கெடக்கறாரு. அந்தப் பொண்ணு உசுரு எந்தக் கையில இருக்குன்னு தெரியாம நாங்க ஓடிக்கிட்டிருக்கறோம். சொல்லுங்க."

பொங்கியண்ணன் கரி படிந்த கையை வேட்டியில் துடைத்தார். "அந்தப் பொண்ணேதானுங்க. எங்க புள்ளைக்கு டீச்சர். லின்சி டீச்சர்."

கிருபா டார்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அவங்க டார்ட்டா? அப்போ அவங்களை அவங்களே கொல்லப் பார்த்தாங்களா? கேசு முடிஞ்சுதுங்க, ஆஸ்பத்திரிதான் பாக்கி."

"வெளையாடாதே. கோட்டுல கால் வெச்சு நின்னது யாரு? பலகை எங்க இருக்குன்னு இருட்டுலயும் தெரிஞ்ச ஒரே ஆளு யாரு? கையில இன்னும் சூடு ஆறாத ஆளு? கரண்ட் போகும்னு காத்துக்கிட்டிருந்து, போனதும் சட்டைப் பையில இருந்து எடுத்து எறிஞ்சுபோட்டு அலறியிருக்கா. காலையில உன்னை நிக்க வெச்சப்பவே எனக்குப் பாதி தெரியும். மிச்சம்தான் இங்க கெடைச்சுது."

"எதுக்குங்கக்கா இந்த நாடகம்?"

"வாசல்ல போலீஸ் நிக்கணும்னு. அவளுக்கு யாரைக் கண்டோ பயம். அதை வாயால சொல்ல முடியலை. அதனால ஊரே கேக்கற மாதிரி ஒரு கூப்பாடு போட்டிருக்கா." பத்மாவதியின் குரல் தாழ்ந்தது. "அவ யார்கிட்டயும் தனியாப் பேச முடியாம யார் பாத்துக்கறது? நாம கேட்ட கேள்விக்கெல்லாம் யார் பதில் சொன்னது?"

"ரங்கராஜுங்களா?" என்றான் கிருபா.

"போலீஸ் இத்தனை பேர் இருக்கறப்ப நம்மளை எதுக்கு வரவெச்சான்னு யோசிச்சியா? மத்தவங்க எல்லாரும் டங்கன்னு நம்பிட்டாங்க. நெசமாலுமே தெரியாம தவிச்சவன் அவன் ஒருத்தன்தான். தன்னைத் தவிர அவளை மிரட்ட இன்னொருத்தன் யாருன்னு அவனுக்குப் புரியலை. அந்தத் துண்டு ஓட்டையோட ஓரம் கருகியிருந்துச்சா?"

"இல்லீங்க. நூலு இத்துப்போயிருந்துச்சு."

"சிகரெட் பட்டா கருகும்."

"பேட்டரி ஆசிட்டுத் தண்ணி பட்டா எங்க வேட்டியும் அப்படித்தானுங்க போகும்" என்றார் பொங்கியண்ணன்.

கிருபா கையைப் பார்த்தான். பிளாஸ்க்கை நோக்கி நீட்டிய கை.

வெளியே ஓடினார்கள். எஸ்.டி.டி. பூத்தில் ரங்கராஜ் இல்லை. கார் நின்ற இடத்தில் புழுதி மட்டும் அடங்கிக்கொண்டிருந்தது.

பத்மாவதி அந்த பூத்திலிருந்தே அரங்கத்துக்குப் போன் போட்டாள். எடுத்தது காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள்.

"கோச்சை உள்ள உடாதீங்க!"

"கோச்சுங்களா? என்னுங்கம்மா நீங்க, எங்களுக்கு டீ, வடையெல்லாம் வாங்கிக் குடுக்கறதே அவருதானுங்க" என்று சிரித்தது மறுமுனை. லைன் அறுந்தது. மறுபடி போட்டபோது எங்கேஜ்டாகவே இருந்தது.

பொங்கியண்ணன் வார்ப்பிரும்பு ஏற்றும் தன் மெட்டடார் வேனைக் கிளப்பினார். பின்னால் இரும்புத் துண்டுகள் கடகடவென உருள, மேட்டுப்பாளையம் ரோட்டில் அது இழுத்து இழுத்து ஓடியது. துடியலூரில் சந்தைக்கு வந்த மாட்டு வண்டிகள் குறுக்கே நின்றன. வடகோவையில் சிக்னல். ஒவ்வொரு இடத்திலும் கிருபாவின் கண்முன் லின்சியின் அந்த மூடிய வலது கைதான் வந்தது. இடது கையால் அதை ஏன் மூடிக்கொண்டிருந்தாள் என்று இப்போது புரிந்தது. அவன் குறி அந்தக் கைதான்.

"ஏதாச்சும் பேசு கிருபா" என்றாள் பத்மாவதி. "நீ சும்மா இருந்தா எனக்குப் பயமா இருக்குது."

"வரலீங்கக்கா" என்றான்.

அரங்கத்துக்குள் கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது. அறிவிப்பாளர் ஹாலந்துப் பெண் யோஹானாவின் பெயரை முழங்கினார். அடுத்து லின்சி. மேடைக்குப் பின்னால் போகும் வழியில் ஒரு கான்ஸ்டபிள் கையை நீட்டித் தடுத்தார். "பாஸ் இருக்குதா?" பத்மாவதி அவரோடு மல்லுக்கு நிற்க, கிருபா அந்தக் கைக்குக் கீழே குனிந்து நுழைந்தான்.

நீண்ட நடைவழி. கோடியில் லின்சி சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். வலது கை முதுகுக்குப் பின்னால். எதிரே ரங்கராஜ், தோளில் துண்டு, கையில் பிளாஸ்க். பார்க்கிறவர்களுக்கு ஒரு கோச் தன் ஆட்டக்காரிக்குப் பால் ஊற்றுகிற மாதிரிதான் தெரியும்.

"எனக்குத் தெரியாம பித்தளையில டார்ட் செஞ்சியா?" கெஞ்சுகிற மாதிரி அவ்வளவு மெதுவாகக் கேட்டார். "ஜெயிச்சா ஒரு வருஷம் ஐரோப்பாவுல பயிற்சி. என்னை உட்டுப்போட்டுப் போயிடலாம்னு பார்த்தியா? கையை நீட்டு பாப்பா."

லின்சி கையை இன்னும் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவர் மூடியைத் திருகினார்.

கத்தினால் ஊற்றிவிடுவான். எதையாவது எறியலாம் என்றால் தான் குறி பார்க்கும் லட்சணம் காலையிலேயே தெரிந்தது. கிருபா கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, முட்டுகிற கிடாயைப் போல அவர் இடுப்பைக் குறிவைத்து ஓடினான்.

இருவரும் உருண்டார்கள். பிளாஸ்க் உள்கண்ணாடி நொறுங்க விழுந்து தெறித்தது. மொசைக் தரை பொரிந்து நுரைத்தது. புகை நெடி மூக்கில் ஏறியது. இடது கெண்டைக்காலில் நெருப்புக் கம்பியை வைத்த மாதிரி இருந்தது. யார் அலறுவது என்று பார்த்தான், அது அவன்தான். பத்மாவதி குடிதண்ணீர் டிரம்மைச் சாய்த்து அவன் காலில் ஊற்றிக்கொண்டே இருந்தாள். கான்ஸ்டபிள் இப்போதுதான் ரங்கராஜின் கையைப் பிடித்தார், அதுவும் மரியாதையாக.

இன்ஸ்பெக்டர் வந்தார். முன்வரிசையிலிருந்து லின்சியின் அப்பா ஞானாபரணம் ஓடி வந்தார். "ரங்கராஜ் தம்பி, என்னப்பா ஆச்சு? பாப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" அவர் மகளிடம் போகாமல் ரங்கராஜிடம் போனதைக் கிருபா பார்த்தான்.

"என்னம்மா நடந்துச்சு?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"பாப்பா பயந்திருக்குங்க சார்." ரங்கராஜின் குரல் மறுபடி இதமாகிவிட்டிருந்தது. "யாரோ பிளாஸ்க்கை மாத்தி வெச்சிருக்காங்க. நான் சொல்றேன்..."

"கேட்டது என்னைத்தானுங்க" என்றாள் லின்சி.

குரல் நடுங்கியது. ஆனாலும் நிற்கவில்லை. இரண்டு வருஷமாக ரங்கராஜ் சொன்னவை, ஜெயித்தால் கை இருக்காது என்று சிரித்துக்கொண்டே சொன்னது, நம்பமாட்டார் என்று அப்பாவிடம் சொல்லாமல் இருந்தது, எல்லாம் வந்தது. கடைசியில் யாரும் கேட்காததையும் சொன்னாள். "அந்த நாலாவது டார்ட்டை நாந்தான் எறிஞ்சேன். டங்கன் சாருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லீங்க. அவர் பாஸ்போர்ட்டைக் குடுத்துருங்க. என்னைப் போட்டியில இருந்து எடுத்தாலும் சரிங்க."

ஞானாபரணம் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ரங்கராஜ் அவரைப் பார்த்தார். ஞானாபரணம் திரும்பிப் பார்க்கவில்லை.

நடத்துகிற கமிட்டி கூடிக் கூடிப் பேசியது. லின்சியை விலக்கிவிடலாம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். அப்போதுதான் யோஹானா மேடையிலிருந்து இறங்கி வந்து, அவளோடு ஆடாமல் கிடைக்கிற கோப்பை தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு மறுபடி மேலே ஏறிப் போனாள்.

ஆட்டம் நடந்தது. கடைசி ரவுண்டு வரை இழுத்து, ஒரே ஒரு டார்ட்டில் லின்சி தோற்றாள். கோப்பையும் ஐரோப்பாப் பயிற்சியும் யோஹானாவுக்குப் போயின. கூட்டம் 'ச்சே' என்று எழுந்தபோது லின்சி கோட்டிலேயே நின்று, வலது கையை விளக்குக்கு நேராகப் பிடித்து, விரல்களை விரித்து விரித்து மடக்கிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம், காலில் கட்டோடு கிருபா அரங்க வாசலில் பத்மாவதியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான். லின்சி தோள்பையோடு வெளியே வந்தாள். "ஊடு வரைக்கும் தொணைக்கு வரட்டுங்களாம்மா?" என்று கான்ஸ்டபிள் கேட்டார். வேண்டாமென்று தலையசைத்தாள். அப்பாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவிநாசி ரோட்டின் நெரிசலைத் தனியாகக் கடந்து எதிர்ப்பக்க பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

ரங்கராஜுக்கு ஜாமீன் கிடைத்தால்? ஆட்கள் இருந்தால்? ஒவ்வொரு காரும் அவளருகே வேகம் குறைக்கும்போது கிருபா பத்மாவதியின் தோளை இறுக்கிப் பிடித்தான். பஸ் வந்தது. அவள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்றுக்கு முகத்தைக் கொடுத்தாள்.

"ஏங் கண்ணு, போறது அவ. நீ எதுக்கு இப்படி நடுங்கறே?" என்றாள் பத்மாவதி.

"எனக்குப் பயம் பழக்கமுங்கக்கா" என்றான் கிருபா. "அவங்களுக்குத்தான் உட்டுப்போச்சு."